மூன்று மாடிப் படம்

காத்தான்குடியில் வீட்டு ஹோல் சுவர்களில் மக்காவின் படம் இருக்கும், குர்ஆன் ஆயத்து எழுதிய பலகை இருக்கும். ஹலீம் மேசனின் ஹோலிலும் இரண்டும் இருந்தன. இரண்டுக்கும் நடுவில், இரண்டையும்விடப் பெரிதாக, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு வீட்டுப் படம் தொங்கியது. மூன்று மாடி, பன்னிரண்டு தூண். கீழ்மாடியில் 'றுமானா', நடுமாடியில் 'ஷஸ்னா', மேல்மாடியில் 'முப்லிஹா' என்று நீலப் பேனையால் எழுதியிருந்தது. படம் கீறியவன் பெயரெல்லாம் போட முடியாது என்றான். ஹலீம் வீட்டுக்குக் கொண்டுவந்து தன் கையாலேயே போட்டார்.

அவர் எட்டு வருடம் கட்டாரில் கல் வைத்தவர். அங்கே ஒரு எஞ்சினியர் காலையில் மேசை அகலக் கடதாசியை விரித்து, "கையில இருக்கிற கல்லப் பாக்காத, முழுப் படத்தையும் பார்" என்பானாம். நாற்பது பேர் தலையாட்டிவிட்டுக் கையிலிருக்கிற கல்லைப் பார்க்கப் போனார்கள். பார்க்காதவனுக்கு விரல் நசியும். ஹலீம் மட்டும் அந்த வசனத்தை ஊருக்குக் கொண்டுவந்தார். கொண்டுவந்த சவர்க்காரம், பால்மா, போர்வை எல்லாம் முடிந்த பிறகும் அது முடியவில்லை. வேலைக்குப் பிந்தி வந்தவனிடம் சொன்னார். பல்லுக் கொதிக்கிறது என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றவனிடமும் சொன்னார்.

"முழுப் படத்தப் பாருடா."

அவரோடு இருபது வருடமாகக் கம்பி கட்டுகிற ஆரையம்பதி வினாயகமூர்த்திக்கு இது கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருந்தது. "காக்கா, முழுசாப் பாத்தா எல்லாரும் கடைசில சாகத்தான் போறம். சோத்துப் பார்சல அவிழுங்க" என்பான்.

ஹலீமின் வாழ்க்கைக் கணிப்பு சுவரில் தொங்கியதுதான். மூன்று பெண்பிள்ளைகள், மூன்று மாடி. அந்த ஊரில் பெண்ணுக்குக் கலியாணம் என்றால் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வருவார். பெற்றவர்கள் பின்னறைக்குப் போவார்கள். இது சரியா பிழையா என்று சந்தியில் நின்று சூடாகக் கதைக்கிறவர்கள், கதைத்து முடிந்ததும் வீட்டுக்குப் போய் மகளுக்கு வீடு கட்டக் கல் அரிகிறார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் வீட்டோடு வீடு ஒட்டிய ஊர். மூன்று வளவு வாங்க இடமும் இல்லை, ஹலீமுக்கு அந்த வசதியும் இல்லை. இருந்தது நாலரை பேர்ச் காணித் துண்டு. ஆகவே மேலே போவது என்று முடிவெடுத்தார்.

அத்திவாரம் வெட்டும்போது நாலடியில் வாவித் தண்ணீர் ஊறியது. மூன்று நாள் வாளியால் இறைத்து இறைத்துத்தான் தூண்களை இறக்கினார்கள். தூணின் பருமனைப் பார்த்து, பள்ளிவாசல் கட்டுகிறாயா என்று கேட்டவர்கள் உண்டு. முதல் தட்டுக்கு மேலே கம்பிகள் ஆளுயரத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றன. உப்புக்காற்று கம்பியைத் தின்னும். ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் ஹலீம் ஏறிப்போய், சீமெந்தைத் தண்ணியாகக் கரைத்து ஒவ்வொரு கம்பிக்கும் தூரிகையால் பூசி, உச்சியில் வெறும் சோடாப் போத்தலைக் கவிழ்த்துவிட்டு வருவார். பிள்ளைக்குத் தொப்பி போடுவதுபோல அதைச் செய்வார்.

எல்லாம் யோசித்த மனிதர் ஒன்றை யோசிக்கவில்லை. படிக்கட்டை ஹோலுக்குள் வைத்தார்.

டோஹாவில் ஒரு அரபியின் மாளிகைக்கு அவர் வளைந்த படி ஒன்று கட்டினார். நான்கு மாதம் எடுத்த வேலை. மினுக்கி முடித்த அன்றைக்குக் கம்பளம் விரித்துவிட்டார்கள், அதற்குப் பிறகு வேலையாட்கள் பின்வாசலால் போகவேண்டும் என்றார்கள். கட்டிய படியில் ஒரு நாளும் செருப்போடு ஏறாத மேசன், ஊருக்கு வந்து தன் வீட்டு ஹோலின் நடுவில் அதேமாதிரி ஒரு படியை வளைத்தார். கீழே பேரப்பிள்ளைகள், நடுவில் பேரப்பிள்ளைகள், மேலே பேரப்பிள்ளைகள். தான் அந்தப் படியால் ஏறி இறங்கி மூன்று வீட்டிலும் தேத்தண்ணி குடிப்பது. இதுதான் அவர் மனதில் ஓடிய படம். அந்த ஹோல் ஒருநாள் வேறொருவருடைய ஹோலாகும் என்பது அதில் இல்லை.

ஏழு வருடத்துக்கு முன் றுமானாவுக்கு அக்ரமோடு நிக்காஹ் நடந்தது. நொத்தாரிசு வீட்டு உறுதிப் பத்திரத்தை வாசித்தார். கீழ்மாடி, மூன்று அறை, குசினி, குளியலறை, "உள்ளே அமைந்த படிக்கட்டு உட்பட." படிக்கட்டைத் தனியாகச் சொன்னதில் ஹலீமுக்குப் பெருமை. ஒப்பம் வைத்துவிட்டு வந்தார். அடுத்த மாதம் பின்பக்கக் குறுகிய ஒழுங்கைப் பாதையை ஒட்டிச் சீமெந்து மூட்டைகள் வைக்கிற பன்னிரண்டுக்கு எட்டு அறைக்கு, ஒரு அலுமாரியும் இரண்டு பாயுமாக, அவரும் மனைவி ஸஹீதாவும் மாறிக்கொண்டார்கள். தற்காலிகம் என்றார். அக்ரம் ஒரு வருடம் இருந்துவிட்டுக் கட்டாருக்குப் போனார். தற்காலிகம் போகவில்லை.

இந்த வருடம் நடுமாடி முடிந்தது. டைல்ஸ் பதித்து, தண்ணீர்க் குழாய் பூட்டி, இரண்டாவது தட்டும் போட்டாயிற்று. ஷஸ்னாவுக்கு இருபத்தாறு வயது. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். இரண்டு கலியாணப் பேச்சு வந்து, நடுமாடிக்கு யன்னல் இல்லாத காலத்தில் திரும்பிப் போயிருந்தன. மூன்றாவதாக வந்தது ஷாமில். கந்தோரில் கிளார்க். ஷஸ்னா அவரை ஒரு தடவை பார்த்திருந்தாள். பார்த்த பிறகு குசினியில் பாத்திரம் கழுவும்போது வாய்க்குள் பாட ஆரம்பித்திருந்தாள். ஸஹீதா அதைக் கவனித்துவிட்டுக் கணவனிடம் ஒன்று மட்டும் சொன்னாள்.

"இஞ்சாருங்க, இது தப்பிச்செண்டா அந்தப் புள்ள இனி ஆருக்கும் ஓம் சொல்ல மாட்டா. நான் சொல்லிப் போட்டன்."

சனிக்கிழமை பின்னேரம் ஷாமிலின் தாய் றபீக்கா வந்தாள். வீட்டைப் பார்க்கிற வேலையை வேலையாகச் செய்கிற மனுஷி. வளைந்த படியால் மேலே ஏறினாள். குழாய்களைத் திறந்து மூடினாள். யன்னல் கொளுக்கியை இழுத்துப் பார்த்தாள். மூலையில் கிடந்த சீமெந்துப் பொட்டுகளைச் சுரண்டிக்கொண்டிருந்த வினாயகமூர்த்தியிடம், "தம்பி, இந்தக் கூரையில ஒழுக்கு வராதே?" என்று கேட்டாள்.

"இதுக்கு மேல இன்னொரு ஊடு வரப்போகுது ராத்தா. ஒழுகினா அவங்க தலயில ஒழுகித்தான் இஞ்ச வரும்."

சிரித்தாள். கீழே இறங்கிவந்து கதிரையில் உட்கார்ந்து, ஸஹீதா கொடுத்த சர்பத்தில் பாதி குடித்தாள். எல்லாம் பிடித்துவிட்டது என்று ஹலீம் நினைத்துக்கொண்டு சுவர்ப் படத்தைக் காட்டப் போனார். அப்போதுதான் அவள் கேட்டாள்.

"ஹலீம் காக்கா, எல்லாம் நல்லா இரிக்கி. ஷஸ்னாட ஊட்டுக்குப் போற வழி எது?"

"இதானே. இப்ப ஏறி இறங்கினீங்களே."

"இது றுமானாட ஹோல்."

"ஓம்."

"என்ட மகன் விடியச் சுபஹுக்குப் பள்ளிக்குப் போக இறங்கி வருவான். றுமானா அந்த நேரம் தலயில சீல இல்லாம இஞ்ச நிப்பா. அவட ஊடு, அவ நிக்கத்தான் வேணும். அவட மாப்பிள்ள வெளிநாட்டுல. இவன் என்ன செய்ற? படிக்கொரு தரம் செருமிச் செருமியா இறங்குற? எத்தின படி இது?"

"இருபது" என்றார் ஹலீம். கட்டியவருக்குத் தெரியாதா?

"போக இருபது, வர இருபது. அஞ்சு நேரத் தொழுகை. பாவம், பொடியனுக்குத் தொண்ட போயிரும்."

றுமானா குசினிக் கதவுக்குப் பின்னால் சிரித்துவிட்டாள். ஸஹீதாவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். சிரிக்காதது ஹலீமும், மேல்படியில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்த ஷஸ்னாவும்தான்.

"இது ஒரு பெரிய விசயமா தங்கச்சி? முழுசாப் பாத்தா..."

"எங்கட மூத்த ராத்தாட ஊட்டுக்கு வெளியால படி வெச்சிரிக்கி" என்றாள் றபீக்கா. "மேசன் சொன்னயாம், ரெண்டு மருமக்கள்மார் வார ஊடு, படிய உள்ளுக்கு வெச்சா நாளைக்கு சொந்தம் கெட்டுப் போகும், வெளியில வைங்க எண்டு. எவ்வளவு புத்தியான மேசன் எண்டு நாங்க இண்டைக்கும் கதைக்கிற. அது ஆரெண்டு தெரியுமா?"

ஹலீமுக்குத் தெரியும். அவர்தான்.

"நான் குற கண்டுபுடிக்க வரல்ல காக்கா. புள்ளயப் புடிச்சிரிக்கி. ஊடும் புடிச்சிரிக்கி. நோன்புக்கு முந்தி நிக்காஹ வைக்கணும் எண்டு இவன் நிக்கிறான். வழி ஒண்டு வந்தா நாங்க வாறம்."

நோன்புக்கு இரண்டரை மாதம் இருந்தது.

அன்றைக்கு ஹலீம் வளவைச் சுற்றி நடந்தார். சுற்றி நடப்பதற்கு உண்மையில் இடமில்லை. இடப்பக்கம் சுவரோடு மதில். வலப்பக்கம் தண்ணீர் ஓடுகிற ஒன்றரை அடி இடைவெளி, அதில் பூனை மட்டும் நேராகப் போகலாம். முன்னால் நாலடி, அதன் அடியில் மலக்குழி. மலக்குழி மூடியின் மேல் படிக்கட்டைக் கட்டினால் மாப்பிள்ளை ஒருநாள் படியோடு உள்ளே போவார். பின்னால் பன்னிரண்டுக்கு எட்டு.

பின்னால் அவர் அதிக நேரம் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு மஜீடைப் பார்க்கப் போனார். மஜீடும் அவரும் ஒரே வகுப்பு. சாறன் வியாபாரம் செய்தவர், இப்போது ஓய்வு. கூப்பிட்ட குரலுக்கு எங்கோ உயரத்திலிருந்து "வாறன்" என்று சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மஜீட் மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

"ரெண்டடி தாவன்டா. உன்ட மதில் பக்கமா ஒரு படி எடுத்துக்கிறன்."

மஜீட் கையைக் காட்டினார். அவருடைய மதில் பக்கம் அந்த இரண்டடியில் ஏற்கனவே படி ஏறிக்கொண்டிருந்தது. "என்ட ரெண்டாவது மகளுக்கு வெச்ச. நீதானேடா கட்டித் தந்த?"

"ஓம். மறந்திட்டன்."

"நீ இன்னும் கீழதானா இரிக்கிற?" என்று மஜீட் கேட்டார். கேட்ட விதத்தில் ஏதோ இருந்தது. ஹலீமுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

அன்று இரவு கட்டாரிலிருந்து அக்ரம் வீடியோவில் வந்தார். றுமானா போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தாள். அவளுக்குத் தன் கருத்து இருந்தது. "படி வெளியால போனா நல்லம் வாப்பா. என்ட ஹோலும் ஒரு ஹோலாயிரும். இப்ப பஸ் ஸ்டாண்ட் மாதிரி. போறவங்க வாறவங்க எல்லாருக்கும் நான் வழி உட்டு நிக்கிற."

"வெளியால எங்க வைக்கிற மகள்? ஒரு இடம் சொல்லு பாப்பம்."

றுமானா பின்பக்கம் பார்த்தாள். எல்லாருக்கும் அந்த இடம் தெரிந்திருந்தது. வாயைத் திறக்கத்தான் ஆளில்லை. கடல் கடந்திருந்ததால் அக்ரமுக்குத் துணிச்சல் இருந்தது.

"மாமா, நீங்கதானே எப்பவும் சொல்ற, முழுப் படத்தப் பாக்கச் சொல்லி? ஒரு சின்ன அறைக்காகத் தங்கச்சிட வாழ்க்கைய நிப்பாட்டலாமா?"

கட்டாரிலிருந்து தான் கொண்டுவந்த வசனம் கட்டாரிலிருந்தே திரும்பி வரும் என்று ஹலீம் எதிர்பார்க்கவில்லை. போனைப் பார்த்தார். அதில் அக்ரம் ஆறுபேர் படுக்கிற அறையில் மேல்கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார், தலை கூரையில் தட்டாமல் குனிந்தபடி.

"சின்ன அறைதான்" என்றார் ஹலீம்.

ஸஹீதா எழுந்துபோய்ச் சுவரிலிருந்த படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். மேசையில் வைத்தாள்.

"பத்து வருசமா நான் தூசி துடைக்கிறன். இண்டைக்குத்தான் கேக்கிறன். இதுல நாம ரெண்டு பேரும் எங்க இரிக்கிறம்?"

ஹலீம் விரலை வைத்துத் தேடினார். கீழ்மாடி றுமானா. நடுமாடி ஷஸ்னா. மேல்மாடி முப்லிஹா. மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கி. அதற்குக்கூட வட்டமாக ஒரு இடம் கீறியிருந்தது. கடைசியில் விரல் பின்மூலையில் ஒரு சின்னப் பெட்டிக்குப் போய் நின்றது. அதில் அச்செழுத்தில் 'களஞ்சியம்' என்று போட்டிருந்தது.

"அதத்தான் உடைக்கப் போறம்" என்றாள் ஸஹீதா. "சரி. அதுல இரிக்கிறது ரெண்டு பாயும் ஒரு அலுமாரியும்தானே. உடைங்க."

"வாப்பா, வேணாம்" என்றாள் ஷஸ்னா. படியிலிருந்து முதல்முறையாகப் பேசினாள். "எனக்கு இந்தக் கலியாணம் இல்லாட்டியும் பரவாயில்ல."

அப்படிச் சொன்னவளின் குரலைக் கேட்ட எவருக்கும் அது பொய் என்று தெரிந்தது. ஹலீம் எழுந்து, உடைக்க அலவாங்கு எங்கே கிடக்கிறது என்று பார்க்கப் போனார்.

உடைக்கிற வேலை ஒன்றரை நாள்தான். ஹலீமும் வினாயகமூர்த்தியும் முதலில் அஸ்பெஸ்டஸ் கூரைச் சீட்டுகளை உடையாமல் கழற்றி அடுக்கினார்கள். பிறகு சுவர். தன் கையால் கட்டிய சுவர் என்பதால் சம்மட்டிக்கு நன்றாக நின்று பிடித்தது.

"என்ன கலவடா போட்டிரிக்கன் நான் இதுக்கு" என்று ஹலீம் மூச்சு வாங்கினார்.

"ஊரார் ஊட்டுக்குப் போடுறதவிடக் கூடப் போட்டிருக்கயள் காக்கா. களவுச் சீமெந்தா?"

"என்ட ஊடுதானே எண்டு நினைச்சன்."

"மறுகா?"

"மறுகா என்ன, அடி."

அலுமாரியையும் பாய்களையும் றுமானாவின் ஹோலில் வளைந்த படிக்குக் கீழே வைத்திருந்தார்கள். அங்கேதான் இரண்டு பேரும் படுத்தார்கள். றுமானாவின் மகன் காலையில் எழும்பி வந்து, "உம்மம்மா, நீங்க எப்ப போற?" என்று கேட்டான். விருந்தாளியிடம் கேட்பதுபோல மரியாதையாகத்தான் கேட்டான்.

புதுப் படி பின் ஒழுங்கையிலிருந்து ஏறியது. பத்துப் படி, ஒரு திருப்பம், மறுபடி பத்துப் படி. மேல்தட்டுக்கும் அதே கணக்கு. வளைவு கிளைவு ஒன்றும் இல்லை. பலகை அடித்து, கம்பி கட்டி, ஒரே நாளில் கொங்கிறீட் போட்டார்கள். ஈரச் சாக்குகளால் மூடி, மூன்று வாரம் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார்கள். றபீக்கா நாலாம் நாளே வந்து பார்த்துவிட்டு, "இப்ப ஏறலாமா?" என்றாள்.

"பொறுங்க தங்கச்சி. இப்ப ஏறினா மாப்பிள்ள ஊட்டாரோட சேத்துப் படியும் இறங்கிப் போயிரும்."

வழி முடிந்தது. இனிப் பழைய படி என்ன ஆவது என்ற கேள்வி வந்தது. உடைத்தால் தட்டு அதிரும், வெடிப்பு வரும் என்றான் வினாயகமூர்த்தி. உடைக்கக்கூடாது என்று அக்ரமும் கட்டாரிலிருந்து சொன்னார். உறுதியில் இருக்கிற சாமானாம், ஹோலுக்கு எடுப்பாக இருக்குமாம். ஆனால் மேலே ஷஸ்னாவின் ஹோலில் அந்த ஓட்டை இருக்கக்கூடாது. இருந்தால் செருமல் பிரச்சினை மறுபடி வரும். ஆகவே ஓட்டைக்குக் கம்பி கட்டிக் கொங்கிறீட் போட்டு அடைத்தார்கள். இப்போது றுமானாவின் ஹோலில் வளைந்த படி மினுமினுவென்று ஏறிப்போய்க் கூரையில் முட்டி நிற்கிறது. முதல் ஆறு படியில் பிள்ளைகளின் சப்பாத்து. கைப்பிடியில் காயப்போட்ட உடுப்பு. மேல் எட்டுப் படிக்கு ஆள் நிமிர்ந்து போக முடியாது. அங்கே றுமானா வெங்காயக் கூடை வைக்கிறாள்.

நிக்காஹ் நோன்புக்கு எட்டு நாள் முன்னால் நடந்தது. நொத்தாரிசு நடுமாடி உறுதியை வாசித்தார். "வெளியே அமைந்த படிக்கட்டு உட்பட" என்ற இடத்தில் ஹலீம் இந்த முறை நிமிரவில்லை. ஷாமில் நல்ல பொடியன். மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, மாமியும் நீங்களும் எங்களோட இருக்கலாம். ஒரு அறை சும்மாதானே கிடக்கு" என்றார். மனதாரத்தான் சொன்னார். ஷஸ்னாவும் கண் கலங்கி அதையே சொன்னாள்.

ஹலீம் இருபத்தைந்து வருடமாக ஊரார் வீடுகளுக்குள் புகுந்து வேலை செய்தவர். புதுமாப்பிள்ளை இருக்கிற வீட்டில் மாமனார் இருமினாலும் பிழை, இருமாமல் போனாலும் பிழை என்பதை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

"பாப்பம் மகன்" என்றார்.

மேலே இரண்டாவது தட்டு வெறுமையாகக் கிடந்தது. பன்னிரண்டு தூணின் கம்பிகள், பன்னிரண்டு கொத்தும் சோடாப் போத்தல் தொப்பிகளோடு. பின்னறையிலிருந்து கழற்றிய கூரைச் சீட்டுகளை அங்கே ஏற்றி, நாலு மரக்காலில் நிறுத்தி, மூன்று பக்கம் தகரம் அடித்தார்கள். கடைசி மகள் முப்லிஹா உயர்தரம் படிக்கிறாள், வாய் நீளம். ஏறி வந்து இடுப்பில் கை வைத்துச் சுற்றிப் பார்த்தாள்.

"இது என்ட ஊடு, தெரியும்தானே? சுவர்ல ஆணி அடிக்கிறண்டா என்னட்டக் கேக்கணும்."

"சுவர் எங்கடி இரிக்கி?" என்றாள் ஸஹீதா.

"வரும் உம்மா. அதுக்குப் பொறகு நீங்க எங்க போற எண்டதையும் இப்பயே யோசிங்க. கடைசி நேரத்தில வந்து அழக்கூடாது."

சிரிக்கத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே தாயின் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டாள்.

கலியாணம் முடிந்த நாலாம் நாள் காலை அலுமாரி ஏறியது. புதுப் படியின் திருப்பத்தில் அலுமாரி திரும்பவில்லை. படியை ஆளுக்கு அளந்தார்களே தவிர அலுமாரிக்கு அளக்கவில்லை. வினாயகமூர்த்தி மேலே நின்று கயிறு போட்டு, ஒழுங்கையிலிருந்து நேராகத் தூக்கினான். ஹலீம் கீழே நின்று தள்ளினார். நடுமாடி யன்னலைத் தாண்டும்போது உள்ளேயிருந்து ஷாமில் ஒருமுறை செருமினார். அலுமாரிக்கா மாமனாருக்கா என்று தெரியவில்லை.

எல்லாம் ஏறி முடிந்தபிறகு ஹலீம் கடைசியாகப் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். றுமானா தன் ஹோலில் அந்த இடத்துக்குக் கடிகாரம் வாங்கிவிட்டாள். மேலே மாட்டச் சுவர் இல்லை. தூண் கம்பி ஒன்றில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டார். காற்றில் அது மெதுவாகச் சுழன்றது. ஒரு சுற்றில் மூன்று மாடியும் தெரிந்தது, மறு சுற்றில் பின்பக்க மட்டை.

"வந்திட்டியாடா?"

குரல் பக்கத்திலிருந்து வந்தது. ஹலீம் திரும்பினார். அடுத்த வீட்டு மொட்டை மாடியில், கம்பிகளுக்கு நடுவில், தகரத்துக்குக் கீழே, கயிற்றுக் கட்டிலில் மஜீட் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"நீ எப்ப இருந்து இஞ்ச?"

"ரெண்டு வருசம். ரெண்டாவது மகள்ர கலியாணத்தில இருந்து. நீயும் வருவாய் எண்டு பாத்துக்கிட்டு இருந்தன். ஆரோடயும் கதைக்கக் கிடைக்கல்ல, அவரு கொஞ்சம் செவிடு." மஜீட் தேத்தண்ணிக் கோப்பையால் பின்வீட்டு மாடியில் நின்ற ஒருவரைக் காட்டினார்.

ஹலீம் அந்தப் பக்கம் பார்த்தார். இவ்வளவு காலமும் தட்டில் ஏறி நின்றபோதெல்லாம் கம்பியைத்தான் பார்த்திருந்தார். இப்போது கூரைகள் தெரிந்தன. வாவிக் கரை வரைக்கும் மொட்டை மாடிகள், எல்லாவற்றிலும் கம்பி. பாதிக்கு மேல் கம்பிகளின் நடுவில் ஒரு தகரமோ நீலப் பிளாஸ்டிக் சீட்டோ. ஒன்றின் கீழே ஒரு மனுஷர் பனியனோடு நின்று பல் துலக்கினார். இன்னொன்றில் ஒரு மனுஷி மிளகாய் காயப்போட்டாள். தூரத்தில் ஒருவர் தூண் கம்பிக்குச் சீமெந்துக் கரைசல் பூசிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு கம்பிக்கும் போத்தல் கவிழ்த்தபடி. இவற்றில் பல தூண்களை நிறுத்தியது ஹலீம்தான்.

"உனக்கு இன்னும் ஒண்டு இரிக்கேடா, கடைசி மகள்" என்றார் ஹலீம்.

"ஓம். போன கிழம பேசி வந்திட்டாங்க. நல்ல இடம்."

"அப்ப நீ எங்க போற?"

மஜீட் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். அவருடைய தகரத்துக்கு மேலே இருந்தது தண்ணீர்த் தாங்கி மட்டும்தான்.

"அந்தத் தாங்கிக்கு அடியில கொஞ்சம் இடம் இரிக்கி" என்றார். "நிழல்தானே." சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். செவிட்டு மனுஷர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

ஹலீம் கம்பியில் சுழன்றுகொண்டிருந்த படத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். பிறகு கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த வினாயகமூர்த்தியைக் கூப்பிட்டார்.

"மூர்த்தி, இந்தத் தூண் இன்னொரு தட்டுத் தாங்குமா?"

"படத்தில மூண்டு மாடிதானே காக்கா."

"படத்த உடுடா. தூணச் சொல்லு."

வினாயகமூர்த்தி கயிற்றை வைத்துவிட்டு வந்தான். குனிந்து தூணின் அடியை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தான். அத்திவாரத்தில் மூன்று நாள் தண்ணீர் இறைத்தது அவன்தான். அந்தக் குழியில் எத்தனை கம்பி இறங்கியது என்பது படத்தைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"சின்னதா ஒரு அறை எண்டாத் தாங்கும்" என்றான். நிமிர்ந்து நாலு பக்கமும் பார்த்தான். "ஆனா காக்கா, படிய எங்க வைப்பயள்?"

பதில் தகரத்துக்குள் பாயை விரித்துக்கொண்டிருந்த ஸஹீதாவிடமிருந்துதான் வந்தது.

"வெளியால வைக்கச் சொல்லு தம்பி. மத்த ஆக்களுக்கு இவர் அப்படித்தானே சொல்ற."